வீடு வரட்டும், வழியும் வரட்டும்



செகிஞ்சானிலிருந்து தஞ்சோங் காராங் வழியாகக் கோல சிலாங்கூர் வரை செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையை நம்மில் பலர் நன்கு அறிவோம். வடக்கே பரந்த நெல்வயல்கள். தெற்கே வர வரச் செம்பனைத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்குள் செல்லும் கிளைச்சாலையின் முகப்பில் ஒருநாள் ஒரு பலகை முளைக்கிறது. இத்தனை ஏக்கரில் இத்தனை வீடுகள் வரப்போகின்றன என்று அது அறிவிக்கிறது. அன்று மாலையே கடையில் பேச்சு தொடங்கிவிடும்.

“இவ்வளவு வீடு வந்தா நம்ம ரோடு தாங்குமா அண்ணே? பிள்ளைங்க எப்படி சைக்கிள்ல பள்ளிக்கூடம் போகும்?” என்கிறார் ஒருவர்.

“நல்லா கேட்டீங்க தம்பி! நாப்பது வருஷம் லயத்துல இருந்தாச்சு. இப்பத்தான் வீடு கட்ட வர்றான். அதையும் தடுக்கச் சொல்றீங்களா?” என்கிறார் மற்றவர்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. தோட்டம் கைமாறி, லயம் இடிக்கப்பட்டு, குடியிருக்க இடம் தேடி அலைந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அதே வேளையில், ஒற்றைச் சாலையை நம்பிப் பள்ளிக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் போகிற குடும்பங்களும் நம்முடையவைதாம். ஆகவே, வீடு வேண்டுமா, சாலை வேண்டுமா என்று நம்மை நாமே பிரித்துக்கொள்ள வேண்டியதில்லை. வீடு வரும்போது அதற்கேற்ற வழியும் உடன் வருகிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி. அதை எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பதைப் பற்றி இன்று சிறிது விளக்கமாகக் காண்போம்.

முதலில், ஒரு குடியிருப்பு எவ்வாறு போக்குவரத்தை உண்டாக்குகிறது என்று பார்ப்போம்.

ஒரு கணக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு புதிய தாமானில் 400 வீடுகள் என்று வையுங்கள். காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்குள், நான்கு வீட்டிற்கு மூன்று வாகனம் வீதம் வெளியே புறப்படுவதாகக் கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் 300 வாகனங்கள். அதாவது, பன்னிரண்டு விநாடிக்கு ஒரு வாகனம் முச்சந்திக்கு வந்து நிற்கும். அவை வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், பெரிய சாலையில் இரு திசையிலும் வாகனம் இல்லாத இடைவெளி ஒரே சமயத்தில் கிடைக்க வேண்டும். நிமிடத்திற்கு நான்கு வாகனம் திரும்பும் அளவுக்கே இடைவெளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 240 வாகனங்கள்தாம் வெளியேற முடியும். மீதி 60 வாகனங்கள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஆறு மீட்டர் இடம் என்றாலும், அந்த வரிசை 360 மீட்டர் நீளும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. சாலையின் அகலம் மட்டும் முக்கியமன்று. சாலைகள் கூடும் முச்சந்தியிலேதான் சிக்கல் பிறக்கிறது. பானை பெரிதாக இருந்தாலும், கழுத்து குறுகலானால் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். இன்னொன்றும் உண்டு. ஒரு முச்சந்தி தன் கொள்ளளவை எட்டும்வரை பெரிய தாமதம் தெரியாது. அந்த அளவை நெருங்கியபின், சில வாகனங்கள் கூடினாலும் காத்திருக்கும் நேரம் மடமடவென்று ஏறும். நேற்றுவரை நன்றாக இருந்த சாலை இன்று ஏன் இப்படி ஆயிற்று என்று நாம் வியப்பதற்குக் காரணம் இதுவே.

காத்திருக்கும் சிரமத்தைவிட அதனால் வரும் ஆபத்து பெரியது. நெடுநேரம் காத்து நிற்பவர் பொறுமை இழந்து, போதாத இடைவெளியில் வண்டியைச் செலுத்திவிடுகிறார். மாலையில் வீடு திரும்பும்போது, பெரிய சாலையில் வலப்பக்கம் திரும்பக் காத்து நிற்கும் வாகனத்துக்குத் தனித்தடம் இல்லாவிட்டால், பின்னால் வேகமாக வருபவர் அதன்மீது மோதும் அபாயம் இருக்கிறது. இடப்பக்க ஓரமாகச் செல்லும் மோட்டார் சைக்கிள்காரர் இந்த நெருக்கடியில் அகப்படுகிறார். நம் தோட்டப்புறத்து மக்களில் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் செல்வோரே மிகுதி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றை முன்கூட்டியே கணிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு என்று அதனைச் சொல்வார்கள். பெரிய வீடமைப்புத் திட்டம் ஒன்றை முன்வைக்கும் மேம்பாட்டாளர், பொறியியலாளரைக் கொண்டு அதனைத் தயாரிப்பார். இப்போது சாலையில் எத்தனை வாகனங்கள் செல்கின்றன, புதிய வீடுகளால் எத்தனை கூடும், அவை எந்தத் திசையில் பிரியும், முச்சந்தி தாங்குமா, தாங்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பவை அதில் அடங்கும். சாலையின் நிலையை ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளால் தரம் பிரிப்பதும் வழக்கம். ‘ஏ’ என்றால் தடையற்ற ஓட்டம். ‘எஃப்’ என்றால் ஓட்டமே குலைந்த நிலை.

இந்த மதிப்பீட்டில் உள்ளூர் மக்கள் கவனிக்க வேண்டிய இடம் எது? வாகனங்களை எண்ணிய நாள் எது என்பதுதான். செகிஞ்சானை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை காலையில் அமைதியாக இருக்கும் சாலை, சனி ஞாயிறுகளில் வயலையும் கடற்கரையையும் காண வருகின்ற வெளியூர்க்காரர்களின் கார்களால் நிரம்பிவிடும். ஆண்டில் இரண்டு போகம் நெல் விளையும் வட்டாரம் இது. அறுவடைக் காலத்தில் நெல் லாரிகளும் அறுவடை இயந்திரங்களும் சாலைக்கு வருகின்றன. தோட்டப் பகுதிகளில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடுகின்றன. பள்ளி விடுமுறையில் எண்ணினால் பள்ளிப் பேருந்துகள் கணக்கில் வாரா. வெளியூரிலிருந்து ஒருநாள் வந்து எண்ணிவிட்டுப் போகிறவருக்கு இவை தெரிய நியாயமில்லை. உங்களுக்குத் தெரியும். அந்த அறிவுதான் உங்கள் கையிலுள்ள சான்று.

அதனை நீங்களே திரட்டவும் முடியும். இரண்டு இளைஞர்கள் ஒரு குறிப்பேட்டுடன் முச்சந்தியில் பாதுகாப்பான ஓர் இடத்தில் அமரட்டும். கார், மோட்டார் சைக்கிள், லாரி, பேருந்து என நான்கு பத்தி போட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தொகை வீதம், காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் எண்ணட்டும். ஒரு வேலை நாள், ஒரு சனிக்கிழமை, அறுவடைக் காலத்தில் ஒரு நாள் என மூன்று நாள் எண்ணினால் போதும். “ரொம்ப நெரிசல் ஐயா” என்று நூறு பேர் சொல்வதைவிட, அந்த ஒரு தாளுக்கு அதிகாரிகள் மத்தியில் மதிப்பு அதிகம்.

அடுத்து, வீடுகள் முடியும் முன்பே வருகின்ற போக்குவரத்து ஒன்று இருக்கிறது. அது மண் லாரிகளின் போக்குவரத்து. நம் கடலோர வட்டாரம் தாழ்வானது. மென்மையான களிமண் நிலம். வீடு கட்டும் முன் மண் கொட்டி மேடாக்க நேரிடும். பத்து ஹெக்டர் நிலத்தை ஒரு மீட்டர் உயர்த்த ஒரு லட்சம் கன மீட்டர் மண் வேண்டும். ஒரு லாரி பத்து கன மீட்டர் சுமக்கிறது என்று கொண்டால் பத்தாயிரம் நடைகள். போவதும் வருவதுமாக இருபதாயிரம் முறை உங்கள் வீட்டு வாசலை லாரி கடக்கும். ஆகவே, மண் லாரி எந்த வழியாக வரும், பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அது நிறுத்தப்படுமா, சக்கரம் கழுவும் தொட்டி இருக்குமா, பழுதாகும் சாலையைச் செப்பனிடுவது யார் என்ற கேள்விகளைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

சாலை யாருடையது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஐந்தாம் எண் சாலை கூட்டரசுச் சாலை. அதன் பராமரிப்பும் அதில் புதிய முச்சந்தி அமைப்பதும் பொதுப்பணித் துறையைச் சார்ந்தவை. தாமானின் உட்சாலைகள் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. வாய்க்கால் ஓரச் சாலைகள் பல வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ஒதுக்கீட்டு நிலத்தில் இருப்பவை. தோட்டச் சாலையோ பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் சொந்தச் சாலை. நாம் மூன்று தலைமுறையாக நடந்த சாலை என்பதாலேயே அது பொதுச்சாலை ஆகிவிடாது. தோட்டம் விற்கப்படும்போது, கோயிலுக்கும் பள்ளிக்கும் மயானத்துக்கும் போகிற வழி புதிய வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மிக அவசியம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

தீபகற்ப மலேசியாவின் மாநிலங்களில் இவ்விஷயத்தை ஆள்வது 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம். 172ஆம் எண் சட்டம் என்றும் கூறுவர். இச்சட்டம் மக்கள் பேசுவதற்கு இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது.

முதல் வாசல் உள்ளூர்த் திட்டம். மலாயில் ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ என்பார்கள். எந்த நிலம் வயலாகவே இருக்கும், எது வீடமைப்புக்கு, எது தொழிற்சாலைக்கு, எங்கே புதிய சாலை என்பதை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வரைந்து வைக்கும் திட்டம் அது. அதன் நகலை ஊராட்சி மன்றம் மக்கள் பார்வைக்கு வைக்கும்போது, எவரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வாரக் கணக்கில்தான் அவகாசம் இருக்கும். தோட்ட நிலம் வீடமைப்பு நிலமாக நிறம் மாறுவது இந்த வரைபடத்திலேதான். அப்போது பேசாமல் இருந்துவிட்டு, பலகை முளைத்தபின் பேசுவது, வெள்ளம் வந்தபின் வரப்பு கட்டுவது போலாகும்.

இரண்டாவது வாசல் சட்டத்தின் 21ஆம் பிரிவு. உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத பகுதியில் ஒருவர் மேம்பாட்டு அனுமதி கேட்டால், ஊராட்சி மன்றம் அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த 21 நாட்களுக்குள் அவர்கள் காரணம் காட்டி ஆட்சேபிக்கலாம். நேரில் பேச வேண்டும் என்றும் அதிலேயே கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் 30 நாட்களுக்குள் மன்றம் அவர்களுடைய வாதத்தைச் செவிமடுக்க வேண்டும். ஆட்சேபித்தவருக்கு முடிவு திருப்தி தராவிட்டால், ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குச் செல்லலாம்.

அண்டை நிலம் எது என்பதையும் சட்டம் சொல்கிறது. ஒட்டியுள்ள நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ வாய்க்காலோ இடையிட்ட நிலம், இருவரும் பயன்படுத்துகின்ற சாலை மறுமுனை அடைபட்ட முட்டுச்சாலையாக இருந்தால், எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள நிலம். ஒரே வழியை நம்பி வாழ்பவனுக்குப் போக்குவரத்துப் பாதிப்பு அதிகம் என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது என்பதற்கு இந்தக் கடைசி விதி அடையாளம்.

இங்கே நம்மவருக்கு ஒரு குறை இருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அறிவிப்புக் கடிதம் நில உரிமையாளருக்குத்தான் வரும். லயத்தில் குடியிருப்பவர் உரிமையாளர் அல்லர். பட்டா இல்லாத கோயிலும் உரிமையாளர் அன்று. எனவே, கடிதம் வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஊராட்சி மன்ற உறுப்பினரையும் இந்திய சமூகத் தலைவரையும் அணுகி, வட்டாரத்தில் என்னென்ன விண்ணப்பங்கள் வந்துள்ளன என்று அவ்வப்போது கேட்டுவர வேண்டும். கடிதம் வந்த வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். மலாயில் எழுதிய அரசாங்கக் கடிதம் என்று அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிடாதீர்கள். 21 நாள் ஓடிவிடும்.

முறையாகக் கேட்டால் என்ன விளையும் என்பதற்கும், கேட்கும்போது யாரை மறந்துவிடக் கூடாது என்பதற்கும், நம் தலைநகரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அதன் நடுவில் இருப்பவர்களும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே.

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலுக்குப் பக்கத்தில் முன்பு புக்கிட் கியாரா என்ற ரப்பர்த் தோட்டம் இருந்தது. அத்தோட்ட நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கு வேலை செய்த குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் ‘ரூமா பாஞ்சாங்’ எனப்படும் நீண்ட வரிசை வீடுகளில் தற்காலிகமாகக் குடியேற்றப்பட்டன. நிரந்தர வீடு கிடைக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட வாக்கு. ஆண்டுகள் பல கடந்தும் அது நிறைவேறவில்லை.

பின்னர், அருகிலுள்ள தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்காவில் ஒரு பகுதியைச் சேர்த்து ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அந்த மக்களுக்காக ஒரு கட்டடத்தில் 350 வீடுகள். அத்துடன் விற்பனைக்காக எட்டு உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்கள். 2017ஆம் ஆண்டு ஜூலையில் கோலாலம்பூர் மாநகர முதல்வர் அதற்கு அனுமதி வழங்கினார். பூங்கா குறைந்துபோகும், ஏற்கெனவே நெரிசலான சாலைகளில் வாகனங்கள் பெருகும் என்று சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் எதிர்த்தனர். நீண்ட வீட்டு மக்களுக்கு அங்கேயே வீடு கட்டித் தருவதைத் தாங்கள் எதிர்க்கவில்லை என்றும் கூறிவந்தனர். ஆயினும் நீண்ட வீட்டு மக்களின் சங்கம் வழக்கில் எதிர்ப்பக்கத்திலேயே நின்றது. வீடு கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

2018இல் உயர் நீதிமன்றம் குடியிருப்பாளர்களின் மனுவைத் தள்ளியது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 18ஆம் நாள் நாட்டின் உச்ச நிலையிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை வழங்கிய அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன். கோலாலம்பூருக்குத் தனித் திட்டமிடல் சட்டம் உண்டு. எனினும் அத்தீர்ப்பு சொன்ன நெறி எல்லாருக்கும் பயன்படுவது. மக்களுக்கு அறிவித்து வகுத்த திட்டத்திலிருந்து அதிகாரி விலகினால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். ஆட்சேபம் தெரிவித்தவர்களுக்கு முடிவின் காரணங்களைச் சொல்ல வேண்டும். கேட்டேன், ஆனால் எதற்காக ஒதுக்கினேன் என்று சொல்ல மாட்டேன் என்பது செல்லாது.

இது குடியிருப்பாளர்களுக்குப் பெரிய வெற்றி. ஆனால், நேயர்களே, தீர்ப்பு வெளிவந்த அன்று மாலையும் அந்த முன்னாள் தோட்டக் குடும்பங்கள் பழைய நீண்ட வீடுகளுக்கே திரும்பின. நாற்பது ஆண்டுகள் காத்திருந்தும் அவர்களுக்கு வாக்களித்த வீடு அன்று கையில் இல்லை. அவர்களுடைய வீட்டுத் தேவையையும் மற்றவர்களின் சாலைத் தேவையையும் தொடக்கத்திலேயே ஒரே மேசையில் வைத்துப் பேசியிருந்தால், இரு பகுதியாரும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றிருக்க வேண்டியதில்லை. வட சிலாங்கூரில் வாழும் நாம் இதிலிருந்து பெற வேண்டிய பாடம் இதுதான். லத்தார் நெடுஞ்சாலை 2011இல் திறக்கப்பட்டது; மேற்குக் கரை நெடுஞ்சாலையும் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. நல்ல சாலை வந்த இடத்தைத் தேடி வீடமைப்பு வருவது எங்கும் உள்ள இயல்பு. ஆகவே இந்தக் கேள்வி நம் வாசலுக்கும் வரும்.

அப்படி வரும்போது நம்முடைய ஆட்சேபக் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

மலாயில் எழுதுங்கள். விண்ணப்ப எண், நில எண் இரண்டையும் குறிப்பிடுங்கள். எண்ணிய கணக்கை இணையுங்கள். வெறுமனே “வேண்டாம்” என்று முடிக்காமல், என்ன வேண்டும் என்று வரிசைப்படுத்துங்கள். முச்சந்தியில் வலப்பக்கம் திரும்பத் தனித்தடம், தேவையானால் சமிக்ஞை விளக்கு, இரண்டாவது நுழைவழி, பள்ளிவரை நடைபாதை, பேருந்து நிற்க ஒதுங்கிடம், மண் லாரிக்கு நேரக் கட்டுப்பாடு. இவற்றைச் சாலைப் பணி முடிந்த பின்னரே வீடுகளில் குடியேற அனுமதி என்ற நிபந்தனையுடன் கேளுங்கள். மேம்பாட்டு அனுமதியில் நிபந்தனை விதிக்கும் அதிகாரம் ஊராட்சி மன்றத்துக்கு இருக்கிறது. வீடு முதலில், சாலை பிறகு என்று விட்டுவிட்டால், அந்தப் ‘பிறகு’ எப்போது வரும் என்று யாராலும் கூற முடியாது.

அதே கடிதத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள். இந்த நிலத்தில் பாடுபட்ட குடும்பங்களுக்கு இத்திட்டத்தில் எத்தனை வீடு, என்ன விலை என்று கேளுங்கள். சாலைக்காகப் பேசுகிறவர் வீட்டுக்காகவும் பேசினால், கடையில் வாதாடிய அந்த அண்ணனும் தம்பியும் ஒரே தாளில் கையெழுத்திடுவார்கள். கொடுக்கும் கடிதத்துக்கு ஒரு நகல் வைத்து, அதில் அலுவலகச் சாப்பு குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். செகிஞ்சான் வட்டாரத்தார் சபாக் பெர்ணம் மாவட்ட மன்றத்துக்கும், தெற்கே உள்ளவர்கள் கோல சிலாங்கூர் ஊராட்சி மன்றத்துக்கும் கொடுக்க வேண்டும்.

நம் முன்னோர் காட்டை வெட்டித் தோட்டமாக்கியபோது, எங்கே சாலை போட வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள், கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. பதில் சொல்ல நாம் ஆயத்தமாக இருப்போம்.